நாற்பத்தெட்டில் இரண்டு வீடு

நீலவேணி கார்டன்ஸ் என்று பெயர் வைத்த மகராசன் யாரோ, கையில் கிடைத்திருந்தால் லோகநாயகி அவனை நாலு கேள்வி கேட்டிருப்பாள். படூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி மேற்கே ஒண்ணேகால் கிலோமீட்டர் மண் ரோட்டில் நடந்தால் வரும் அந்த இடத்தில், தோட்டம் என்று சொல்லிக்கொள்ள சீமைக்கருவேலத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. ஏ பிளாக், பி பிளாக் என்று இரண்டு கட்டடங்கள். பிளாக்குக்கு இருபத்துநாலு வீதம் மொத்தம் நாற்பத்தெட்டு வீடு. ஏ பிளாக்குக்கு வெளிப்பூச்சுகூட முடியவில்லை. பி பிளாக்கில் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆனால் லிஃப்ட் வரவேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை வெறும் பள்ளம்தான் இருந்தது. பிள்ளைகள் விழுந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு மாடியிலும் குறுக்கே சவுக்குக் கட்டை கட்டியிருந்தார்கள்.

2009-ஆம் வருஷம் பங்குனி மாதத்தில் அந்த நாற்பத்தெட்டு வீட்டில் குடியிருந்தது இரண்டே குடும்பம். மூன்றாவது மாடியில் லோகநாயகியும் அவள் கணவர் பார்த்தசாரதியும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் சுஷ்மிதாவும். இரண்டாவது மாடியில் கேளம்பாக்கத்தில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கும் அப்துல் சுபஹான், அவர் மனைவி சைதூன், அவர்கள் மகள் ஆயத். மற்ற வீடுகளில் புறாக்கள் குடியிருந்தன. அவை தவணை கட்டவில்லை, நிம்மதியாக இருந்தன.

பார்த்தசாரதி அந்த வீட்டை வாங்கிய விதமே ஒரு அவசரக் கூத்து. முந்தின வருஷம் வைகாசியில் கட்டடம் பாதிதான் முடிந்திருந்தது. திருவண்ணாமலையில் இருக்கும் அவருடைய அண்ணன், வைகாசிக் கடைசி முகூர்த்தத்தை விட்டால் ஆனி ஆகாது, ஆடி ஆகாது, அப்புறம் ஆவணிதான், அதற்குள் கிரகப்பிரவேசத்தை முடித்துவிடு என்று ஒற்றைக் காலில் நின்றார். சாவி கேட்கப் போனபோது கம்பெனி மேனேஜர் சம்பத், பொசஷன் லெட்டரில் கையெழுத்து போட்டால்தான் சாவி தரமுடியும், ஆபீஸ் ரூல் என்றார். ஒரு நாள் சாவிக்கு ஒரு கையெழுத்துதானே என்று பார்த்தசாரதி பட்டு வேட்டியோடு, விரலில் சந்தனத்தோடு, போட்டுக் கொடுத்துவிட்டார். வீடு எல்லா வசதிகளோடும் முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டு என் வசம் ஒப்படைக்கப்பட்டது, எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அந்தத் தாளில் இருந்தது. அன்றைக்கு அந்த வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடிகூடக் கிடையாது. கிரகப்பிரவேசத்துக்குக் கூட்டிவந்த பசுமாடு முதல் படியைப் பார்த்ததும் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. அதற்கு இருந்த யோசனை இவருக்கு இல்லாமல் போயிற்று.

அந்தக் கையெழுத்தால் என்ன ஆயிற்று என்றால், வீடு கைக்கு வந்துவிட்டதாகக் கணக்காகி, பாங்கில் முழுத் தவணையும் பிடிக்க ஆரம்பித்தார்கள். வேளச்சேரி வாடகையையும் தவணையையும் சேர்த்துச் சமாளிக்க முடியவில்லை. ஆவணியில் மூட்டை முடிச்சோடு நீலவேணிக்கே வந்துவிட்டார்கள். கட்டட வேலைக்கு இழுத்திருந்த தற்காலிக மின்சாரத்திலிருந்து ஒரு ஒயர் கொடுத்தார்கள். போர் தண்ணீரும் வந்தது. சம்பத் தீபாவளிக்குள் லிஃப்ட் என்றார், பிறகு பொங்கலுக்குள் என்றார்.

அப்துல் சுபஹான் வியாபாரி. அவர் கையெழுத்து போடவில்லை. வட்டி ஆகாது என்பதால் பாங்குக் கடனும் வாங்கவில்லை. அக்ரிமென்ட் போட்டுக் கைக்காசைத் தவணை தவணையாகக் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருந்தார். திருப்போரூர் வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டி வந்தபோது, வாய்வார்த்தையிலேயே சம்பத்திடம் சாவி வாங்கிக் குடிவந்துவிட்டார். பார்த்தசாரதியைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்புதான்.

“இன்னா சார், சரக்கு வர்றதுக்கு முன்னாடி பில்லுல கையெழுத்து போட்டுகினு வந்துகிறீங்க? லிஃப்டு வரட்டும், அப்பால போடுறேன்னு நான் சொல்லிட்டேன். நம்ம கையெழுத்து அவ்ளோ சீப்பா இன்னா?”

பார்த்தசாரதியும் கூடச் சிரித்துவைப்பார். உள்ளே வந்து லோகநாயகியிடம் எரிந்து விழுவார்.

புரட்டாசியில் அமெரிக்காவில் ஏதோ பாங்கு திவாலானதாக டிவியில் சொன்னார்கள். அமெரிக்கா எங்கே, படூர் எங்கே என்று லோகநாயகி நினைத்தாள். தை மாதம் பார்த்தசாரதியை அவருடைய கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒரு கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, அவராகவே ராஜினாமா கொடுப்பதுபோல் எழுதி வாங்கிக்கொண்டு, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மாசிக்குள் நீலவேணியிலிருந்த மற்ற ஏழு குடும்பமும் காலி. முதலில் அபிஷேக் என்ற பையன் பெங்களூர் போனான். அடுத்து நிதின் குடும்பம் கோயம்புத்தூருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு குட்டியானை வண்டி கேட்டில் வந்து நிற்கும், மாடியிலிருந்து கட்டிலும் பீரோவும் இறங்கும். போகிறவர்கள் மேலே நிமிர்ந்து பார்க்காமல் போனார்கள். சொல்லிக்கொண்டு போகக்கூட ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

பங்குனி பிறந்ததும் கம்பெனிக்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். வேலை நின்றுவிட்டது, இனி எதற்குத் தற்காலிக மின்சாரம் என்று அதையும் ஒப்படைத்துவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு மின்விசிறி நின்றது. நின்றது நின்றதுதான்.

அந்த வெயிலில் மின்சாரம் இல்லாத மூன்றாவது மாடி எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சுவர் இரவெல்லாம் சுட்டது. மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை. பஞ்சாயத்து அடிபம்பு ரோட்டு முனையில் இருந்தது. காலையில் லோகநாயகியும் சைதூனும் ஆளுக்கு நாலு நடை நடந்து குடம் சுமந்தார்கள். மாலையில் பார்த்தசாரதி சுமந்தார். வேலை போன நாளிலிருந்து அவர் பேசுவது குறைந்திருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, ஒவ்வொரு மாடியிலும் நின்று அந்த லிஃப்ட் பள்ளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.

அப்போதுதான் சம்பத் ஒரு தோல் பையோடு வந்தார். கட்டடத்தை மொத்தமாக ஒரு காலேஜ் ஹாஸ்டலுக்குக் கேட்கிறார்கள் என்றார். மற்ற எல்லாரும் கேன்சல் செய்துவிட்டார்கள், நீங்களும் கேன்சல் செய்தால் கட்டிய பணத்தில் எழுபது சதவீதம் திரும்பக் கிடைக்கும், பாங்குக் கடனையும் கம்பெனியே அடைத்துவிடும் என்றார். சித்திரைக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். கீழே இறங்கிப் போய் சுபஹானிடமும் அதையே சொன்னார். சுபஹான் அவரை உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவைத்தார்.

பார்த்தசாரதி அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். திருவண்ணாமலையில் அண்ணனுக்குத் தெரிந்த பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்கிறார்கள். அண்ணன் வீட்டு மாடி போர்ஷன் சும்மாதான் கிடக்கிறது. எல்லாரும் போய்விடலாம் என்றார். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் லோகநாயகிக்கு ஆத்திரமாக வந்தது.

ஏனென்றால் அவளுக்குப் போக மனமில்லை. அதற்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாமல் இல்லை. அவள் செங்கல்பட்டுக்காரி. கேளம்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பதில் அவள் கைக்கு நல்ல பெயர், நரம்பு தெரியாத கிழவர்கள்கூட லோகநாயகி இருக்கிறாளா என்று கேட்டுத்தான் கையை நீட்டுவார்கள். படூரிலிருந்து பத்தே நிமிஷம். கல்யாணம் ஆன பதின்மூன்று வருஷத்தில் எட்டு வாடகை வீடு பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. ஒரு வீட்டில் எட்டு மணிக்கு மேல் குழாயைத் திறக்கக்கூடாது. மடிப்பாக்கத்தில் ஒரு அம்மாள், இவர்கள் ஊருக்குப் போயிருந்த சமயம் மாற்றுச் சாவி போட்டு உள்ளே வந்து, எத்தனை விருந்தாளிகள் வந்தார்கள் என்று பாய்களை எண்ணிப் பார்த்தாள். அந்த அம்மாள் முன்னால் கைகட்டி நின்ற நாளை லோகநாயகி மறக்கவில்லை. இப்போது அண்ணன் வீட்டு மாடி போர்ஷன். அங்கே வாடகை கிடையாது, ஆனால் மற்றதெல்லாம் உண்டு.

சாதாரணமாக அவள் பேச்சு ஆஸ்பத்திரிப் பேச்சாக நிதானமாக இருக்கும். கோபம் வந்தால் செங்கல்பட்டு வெளியே வந்துவிடும்.

“போறதுன்னா இன்னாத்துக்கு வந்தோம்? பால் காய்ச்சின வூட்ட புறாவுக்கு வுட்டுட்டுப் போறதுக்கா?”

“புறாகூட தண்ணி இருக்கற எடத்துலதான் இருக்கும் லோகு,” என்றார் பார்த்தசாரதி. அதற்கு அவளிடம் பதில் இல்லை.

பதில் இல்லாவிட்டால் என்ன, கால் இருக்கிறதே. மறுநாள் லீவு போட்டுவிட்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போனாள். கம்பெனி மொத்தக் கட்டடத்துக்கும் விண்ணப்பிக்கவில்லை என்றால், ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு மட்டும் மின் இணைப்பு கேட்கமுடியுமா என்று கேட்டாள். அங்கே இருந்த அதிகாரி தனகோடி என்ற வயதான மனிதர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பத்திரம் இருக்கிறதா என்றார், இருந்தது. வீட்டு வரி ரசீது இருக்கிறதா என்றார், இல்லை. பஞ்சாயத்தில் போட்டு வாங்கிவாருங்கள் என்றார். பஞ்சாயத்தில், வீடு உங்கள் கைவசம்தான் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள்.

லோகநாயகி தன் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக் கொட்டினாள். பாங்கு தாள், கம்பெனி விளம்பரம், கிரகப்பிரவேசப் பத்திரிகை, அவற்றுக்கு நடுவே அந்தப் பொசஷன் லெட்டர். கம்பெனி முத்திரை, சம்பத் கையெழுத்து, பார்த்தசாரதி கையெழுத்து, ஓரத்தில் ஒரு சந்தனக் கறை. கிளார்க் அதைப் படித்துவிட்டு, இது ஒன்றே போதும்மா, இதை யாரும் அசைக்கமுடியாது என்று சொல்லி ரிஜிஸ்டரைத் திறந்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது அவள் நடையே வேறு மாதிரி இருந்தது. படிக்கட்டில் சுபஹானைப் பார்த்ததும் வரி ரசீதைக் காட்டி விவரத்தைச் சொன்னாள். உங்கள் லெட்டரையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்க பாய் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவருக்கு லெட்டரே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

சுபஹான் சிரிக்கவில்லை. ரசீதை வாங்கி இரண்டு தடவை படித்தார். பாங்குக் கடன் வாங்காததால் அவருக்குப் பத்திரப் பதிவும் ஆகவில்லை. லெட்டரும் இல்லை. கையில் இருந்தது அக்ரிமென்ட்டும் ரசீதுகளும்தான். கடைசித் தவணை வரவில்லை, அக்ரிமென்ட் ரத்து என்று கம்பெனி ஒரு நோட்டீஸ் விட்டால், அவர் யார் வீட்டிலோ பூட்டைத் திறந்து குடியிருக்கும் ஆள். இத்தனை நாள் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தது என்ன என்பது அந்தப் படிக்கட்டில் நின்றபடியே அவருக்குப் புரிந்துவிட்டது. லோகநாயகிக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

“இந்த பில்டிங்குல வூட்டுக்காரன்னு இப்போ உங்க சார் ஒருத்தர்தான்மா,” என்றார். “நீங்க கீற வரைக்கும்தான் நாங்க.”

அந்தச் செய்தி சம்பத்துக்கு எப்படிப் போனதோ தெரியாது. மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்து, லோகநாயகி வெளியே வந்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். எழுபது சதவீதம் என்று சொன்னது கீழ்வீட்டுக்காரருக்குத்தான், உங்களுக்கு முழுப்பணமும் என்றார். பாங்குக்குக் கட்டிய வட்டியையும் சேர்த்து ஒரே செக். ஒரே ஒரு நிபந்தனை, அந்தப் பொசஷன் லெட்டரின் அசலைத் திருப்பித் தந்துவிடவேண்டும். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் இரண்டு பேரும் கையெழுத்து போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை தாள்களோடு வருகிறேன் என்றார். கீழ்வீட்டுக்காரருக்கு இது தெரியவேண்டாம் மேடம் என்று கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அவள் கணவரிடம் சொன்னாள். பார்த்தசாரதி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். தை மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்க்கவில்லை. நாடு முழுக்க வீடு வாங்கியவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டு திரிகிறபோது, கட்டிய காசு முழுசாகத் திரும்ப வருகிறது என்றால் அது அண்ணாமலையார் கொடுத்தது என்றார். இனி இந்த ஊரில் லிஃப்ட் எப்போது வரும், வேலை எப்போது வரும் என்று எவனுக்கும் தெரியாது என்றார். அதுவும் உண்மைதான். லோகநாயகி அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல் அரிசி களையப் போய்விட்டாள்.

முழுப்பணம். கை நிறைய. அதை எடுத்துக்கொண்டு போவதை யாரும் தப்பு என்று சொல்லமுடியாது. ஆனால் அந்த லெட்டர் போய்விட்டால் அடுத்த வாரமே சுபஹான் குடும்பத்தின் சாமான் ரோட்டுக்கு வரும். அவர் பத்து வருஷம் கல்லாவில் உட்கார்ந்து சேர்த்த காசு பாதியாவது போகும். அப்படியென்றால் அவர்களுக்காக நிற்கவேண்டுமா? உறவா, ஜாதியா, பழகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவர்களுக்காக நிற்கிறேன் என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது முழு உண்மையா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை என்றுதான் வந்தது.

சனிக்கிழமை காலை அடிபம்பில் சைதூன் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது, லோகநாயகி ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். முழுப்பணம், லெட்டர், ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்குத் தெரியவேண்டாம் என்று சம்பத் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். சைதூன் அடிப்பதை நிறுத்தவில்லை. குடம் நிறைந்து வழிந்த பிறகுதான் கையை எடுத்தாள்.

“போறதா இருந்தா போ லோகா,” என்றாள். “எங்கள நெனச்சிகினு நிக்காத. நாளைக்கு உனுக்கு ஒரு கஷ்டம் வந்துச்சுன்னா, இவுங்களாலதானேன்னு என் மூஞ்சியப் பாத்துகினு பல்லக் கடிப்ப. அத என்னால தாங்க முடியாது. எங்க அண்ணன் சதுரங்கப்பட்டினத்துல கீறாரு. ஏச்சிகினே சோறு போடுவாரு. போட்டா துன்னுட்டுப் போறோம்.”

கெஞ்சுவாள் என்றுதான் லோகநாயகி எதிர்பார்த்திருந்தாள். கெஞ்சியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஒன்று இரக்கம் வந்திருக்கும், இல்லாவிட்டால் எரிச்சல் வந்திருக்கும். இந்தப் பேச்சுக்கு இரண்டும் வரவில்லை. அவளுக்கும் ஏசிக்கொண்டே சோறு போட ஒரு அண்ணன் வீடு காத்திருந்தது. அவளுக்குள்ளே இருந்தது அப்போதுதான் ஒரே வார்த்தையாகத் திரண்டு வந்தது.

“உங்களுக்காக நிக்கலக்கா. எனுக்கு அந்த வூடு வேணும். நான் நின்னா நீங்களும் நிப்பீங்க, அது தானா நடக்கறது.”

சைதூன் அவளையே பார்த்தாள். பிறகு நிறைந்த குடத்தை லோகநாயகியின் இடுப்பில் தூக்கி வைத்துவிட்டு, காலிக் குடத்தைப் பம்புக்குக் கீழே தள்ளினாள்.

கணவரிடம் சொல்வதுதான் மலையாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு சுஷ்மிதாவைக் கீழே ஆயத்தோடு விளையாட அனுப்பிவிட்டு, அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் கையெழுத்து போடமாட்டேன் என்றாள். அவர் கத்தினார். வேலை இல்லாதவன் பேச்சு அம்பலம் ஏறாது என்றுதானே இப்படிச் செய்கிறாய் என்றார். அந்த வார்த்தை அவளுக்கு வலித்தது, ஆனாலும் பேச்சை விடவில்லை. அவள் யோசித்து வைத்திருந்தது இதுதான். மின்சாரத்துக்குப் பணம் கட்டியாயிற்று, புதன்கிழமைக்குள் வந்துவிடும். அவர் பாலிடெக்னிக் வேலையில் சேரட்டும், விடவேண்டாம். அண்ணன் வீட்டில் தங்கட்டும். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகட்டும்.

“என் சம்பளத்துல வீடு நடக்கும். உங்க சம்பளத்துல தவணை போகும். ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சிக்கலாம்.”

“என்னை மட்டும் அனுப்பறியா லோகு?” என்றார் பார்த்தசாரதி. அவர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. “வேலையிலேருந்து அனுப்பினாங்க. இப்ப நீயுமா?”

லோகநாயகி அழுதுவிடுவோம் என்று பயந்தாள். ஆனால் அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று தெரியும், உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அனுப்பல,” என்றாள். “திரும்பி வர்றதுக்கு ஒரு எடத்த வெச்சிகினு உக்காந்திருக்கேன்.”

அவர் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் வழக்கம்போல் தண்ணீர் சுமந்தார், சைதூன் வீட்டுக்கும் இரண்டு குடம் வைத்துவிட்டு வந்தார். அது கோபமா, சமாதானமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சம்பத் மூன்று மாடியும் ஏறி வியர்க்க விறுவிறுக்க வந்தார். அவருடைய லிஃப்ட் பள்ளத்தை அவரே மூன்று தடவை பார்த்துக்கொண்டு வந்தது லோகநாயகிக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. செக்கையும் தாள்களையும் மேஜைமேல் பரப்பினார். பார்த்தசாரதி செக்கை எடுத்துத் தொகையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. லோகநாயகி தனியாக நின்றாள்.

சம்பத்திடம் நாங்கள் போவதாக இல்லை என்றாள். ஹாஸ்டல் வேண்டுமென்றால் ஏ பிளாக்கைக் கொடுத்துக்கொள்ளுங்கள், அதில் எங்களுக்கு என்ன? ஆனால் நிலத்தில் பிரிபடாத பங்கு எங்கள் பெயரிலும் பதிவாகியிருக்கிறது, எங்கள் கையெழுத்து இல்லாமல் யாருக்கும் எதையும் எழுதமுடியாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டேன் என்றாள். அந்தக் கையெழுத்தை நான் போடவேண்டுமென்றால், முதலில் கீழ்வீட்டு பாய்க்கு வீட்டைப் பதிவு செய்து லெட்டர் கொடுங்கள் என்றாள்.

சம்பத் கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் ஒரு முதலாளி இருந்தான். அவர் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்.

“ரெண்டு குடும்பத்துக்காக ஒரு பிளாக்கையே அப்படியே போட்டு வைக்கச் சொல்றீங்களா மேடம்? நாற்பத்தாறு பேர் போயாச்சு.”

“போனவங்க போய்க்கிறாங்க,” என்றாள் லோகநாயகி. “இருக்கறவங்களுக்கு ஒரு லிஃப்ட் போடுங்க.”

அவர் வழக்கு என்றார், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார், முதலாளியிடம் சொல்கிறேன் என்றார். செக்கைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். அந்தச் சத்தம் அடங்கும்வரை லோகநாயகி பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய தொகையை அவள் வாழ்க்கையில் அதற்கு முன்னால் தொட்டதில்லை, இனித் தொடுவாளோ என்னவோ. அவர் படியிறங்கும்போது இரண்டாவது மாடிக் கதவு திறந்திருந்தது. சுபஹான் வாசலில் நின்று அவர் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்தசாரதி பால்கனியிலிருந்து வந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பினார். திங்களும் செவ்வாயும் அப்படியே போயின. வேளாவேளைக்குச் சாப்பிட்டார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், அவளிடம் மட்டும் பேச்சில்லை. வீட்டை வைத்துக்கொண்டு மனிதரைத் தொலைத்துவிட்டோமோ என்ற நினைப்பில் லோகநாயகி லேபில் இரண்டு தடவை தப்பான டியூபில் லேபிள் ஒட்டினாள். ஒட்டிவிட்டுக் கிழித்தாள். ஆனால் முடிவை மாற்றிக்கொள்ளலாமா என்று ஒருதரம்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை மின்வாரியத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கம்பத்திலிருந்து கறுப்பு ஒயரை இழுத்து, மீட்டரைப் பொருத்தி, சீல் வைத்துவிட்டுப் போனார்கள். சுபஹான் கடையைப் பூட்டிவிட்டு ஒரு புது மோட்டாரோடு வந்து போரில் இறக்கினார். இருபத்துமூன்று நாளைக்குப் பிறகு மேல்தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ஆயத்தும் சுஷ்மிதாவும் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். பாய்க்குப் பதிவு ஆக ஐப்பசிவரை இழுத்தது. லிஃப்ட் வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு அவர்களுக்கு அதில் எதுவும் தெரியாது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். லோகநாயகி துவைத்த துணியை எடுத்துக்கொண்டு வந்தபோது, பார்த்தசாரதி ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, பாலிடெக்னிக் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். தாள் பறக்காமல் ஒரு பக்கம் முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தார். அவள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

கல்யாணம் ஆனதிலிருந்து ரேஷன் கார்டுக்கு, பாஸ்போர்ட்டுக்கு, ஸ்கூலுக்கு, பாங்குக்கு என்று எத்தனையோ விண்ணப்பம் அவர் நிரப்பியதை அவள் பார்த்திருக்கிறாள். தற்போதைய முகவரி என்ற இடத்தில் அந்தந்த வருஷத்து வாடகை வீட்டை எழுதுவார். நிரந்தர முகவரி என்ற இடத்தில் யோசிக்காமல் திருவண்ணாமலையை எழுதுவார். எட்டு வீடு மாறியும் அந்த இரண்டாவது வரி மட்டும் மாறியதே இல்லை.

இப்போது தற்போதைய முகவரியில் அண்ணன் பெயரைப் போட்டு, மேற்பார்வை என்று எழுதி, திருவண்ணாமலை வீட்டு நம்பரை எழுதியிருந்தார். அடுத்த வரிக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு பெரிய எழுத்தில், நிறுத்தி நிதானமாக, பி-19, மூன்றாம் தளம், நீலவேணி கார்டன்ஸ், படூர் என்று எழுதினார்.

“பின்கோடு என்ன லோகு?” என்றார்.

நாலு நாளைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் துணியை அப்படியே தரையில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நம்பராகச் சொன்னாள்.